லேப்டாப்பை ஒருதடவை ரௌட்டர் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள்

மதுரையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாக கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். வீட்டு வைஃபை பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் மனதை உறுத்தியது. பாதிக் கடிதங்களில் "புது ரௌட்டர் வாங்கச் சொல்கிறார்கள்", "லேப்டாப்பை மாற்றச் சொல்கிறார்கள்" என்ற வரி இருக்கிறது. எந்தச் சோதனையும் செய்யாமல் சொன்ன யோசனை அது. கையிலிருந்து காசு போவதற்கு முன்னால் பத்து நிமிடத்தில் வீட்டிலேயே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. கடிதங்களையும் என் பதில்களையும் கீழே பாருங்கள்.

தம்பி, நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் தனியாக இருக்கிறேன். ஃபைபர் இணைப்பு போட்டு ஒரு வருடம் ஆகிறது. ரௌட்டரை முகப்பில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். என் லேப்டாப் வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, அந்தப் பக்கம் உள்ள அறையில். காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றி, நடுக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பேரனோடு வீடியோவில் பேச உட்கார்ந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. வைஃபை 'கனெக்டட்' என்றுதான் காட்டுகிறது. லைனில் குறையே இல்லை என்கிறார்கள் இணைப்பு கொடுத்தவர்கள். லேப்டாப் பழசு, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம் அம்மா, பொறுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விடை அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் சோதனையைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது ஒரு இணைப்பு அல்ல, இரண்டு. தெருவிலிருந்து ரௌட்டர் வரை ஃபைபர். ரௌட்டரிலிருந்து லேப்டாப் வரை வைஃபை. நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'நெட் வரவில்லை' என்று சொல்லிவிடுகிறோம். கம்பெனிக்காரர்கள் அவர்களுடைய துண்டைச் சோதித்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்கிறார்கள். உங்களுக்கு இரண்டாவது துண்டு அறுகிறது. ஆகவே அவர்கள் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை.

நாளை சாயங்காலம் படம் நின்றதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போய், ரௌட்டரிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அங்கே பேச்சு தடையில்லாமல் வந்தால் லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது, ஃபைபரும் நன்றாக இருக்கிறது. அங்கேயும் படம் நின்றால் ரௌட்டரின் விளக்குகளைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. அப்போது கம்பெனிக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கவும் ஒரு வழி உண்டு. விண்டோஸ் பட்டனை அழுத்தி சி-எம்-டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் பி-ஐ-என்-ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு 192.168.1.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். அது பல ரௌட்டர்களின் முகவரி. சிலவற்றில் 192.168.0.1 ஆக இருக்கும்; ரௌட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். 'என்னம்மா, இருக்கிறாயா?' என்று லேப்டாப் கேட்கிறது, 'இருக்கிறேன்' என்று ரௌட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். நான்கு பதில் வரும். ஒவ்வொன்றும் 2, 3 மில்லிசெகண்டில் வந்தால் வைஃபை நலம். 300, 800 என்று தாவினாலோ, 'டைம்டு அவுட்' என்று வந்தாலோ வீட்டுக்குள்தான் கோளாறு. இங்கே நன்றாக வந்து, அதேபோல 8.8.8.8 என்று, வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியை, அடிக்கும்போது பதில் இல்லையென்றால் கோளாறு வெளியே.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். காலையில் சரி, ஆறரைக்கு மேல் தகராறு. நடுவில் நீங்கள் செய்வது ஒன்றே ஒன்று: நடுக்கதவைச் சாத்துகிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன்பு தேவகோட்டைப் பக்கம் உங்களுடையதைப் போன்ற ஒரு வீட்டுக்கு இதே புகாருக்காக மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பகல் பதினொரு மணி வாக்கில். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான்காவது தடவை வேறொரு வேலை முடிந்து, இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்து சிக்னல் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைனஸ் 70 என்று நின்றது. அந்த வீட்டுப் பெரியவர் பேசிக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நான்கு விரற்கடைக் கனத்தில் தேக்குக் கதவு, குறுக்கே இரும்புப் பட்டை, வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். தாழ் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் என் திரையில் மைனஸ் 82.

இந்த எண்ணில் மூன்று குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிடும். பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டு குறைந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். மைனஸ் 67 வரை வீடியோவுக்குத் தாராளம். மைனஸ் 80-ஐத் தாண்டினால் வைஃபை பெயர் மட்டும் தெரியும், வேலைக்கு ஆகாது.

ஒரு மரக்கதவுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக அவ்வளவு கனம். அதைத் துளைத்துக்கொண்டு அலை வரவில்லை. திறந்திருக்கும் கதவு வழியாக நுழைந்து, வளவின் திறந்த வெளியைத் தாண்டித்தான் உங்கள் அறைக்கு வந்து கொண்டிருந்தது. இருந்த ஒரே வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

அப்படியானால் 'கனெக்டட்' என்று ஏன் காட்டுகிறது? கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் உங்கள் வீட்டுக்குக் கேட்கும். நீங்கள் இங்கிருந்து பதில் சொன்னால் கோயிலில் கேட்குமா? ரௌட்டரின் குரல் பெரிது, லேப்டாப்பின் குரல் சின்னது. ரௌட்டர் பேசுவது லேப்டாப்புக்குக் கேட்கிறவரை கோடுகளைக் காட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப் சொல்வது ரௌட்டருக்குப் போய்ச் சேராது. வீடியோ பேச்சுக்கு இரண்டு பக்கமும் ஓட வேண்டும் அல்லவா?

பக்கத்தில் யாராவது துணைக்கு இருக்கும் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து வைத்தே பேசிப் பாருங்கள். சரியாக வந்தால் காரணம் உறுதி. அதற்காகத் தினமும் கதவைத் திறந்துபோட்டுவிட்டு உட்காரச் சொல்லமாட்டேன். தனியாக இருக்கிறீர்கள், தாழ்ப்பாள் முக்கியம்.

நல்ல தீர்வு, ரௌட்டரை வளவுப் பக்கம் கொண்டுவருவது. ஃபைபர் இழை மெல்லியது. கதவு நிலைக்கு மேலே காற்றுப்போக்கி இருந்தால் அதன் வழியாகவே இழுத்துவிடலாம், சுவரில் துளை போட வேண்டாம். ஆனால் அந்த இழையை நறுக்கென்று மடக்கக் கூடாது. லைன்மேன்தான் செய்ய வேண்டும். அது முடியாது என்றால் ரௌட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை வளவுக்கு இழுத்து, நுனியில் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டியை, தூண் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்குப் போதும். பிளக்கில் சொருகும் ரிப்பீட்டரை யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள். கதவுக்கு உள்ளே வைத்தால் அதற்கும் சிக்னல் அரைகுறையாகத்தான் கிடைக்கும். அதோடு விலை குறைந்தவை ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

எங்கே மாட்டினாலும் இரும்பு பீரோவுக்கும் ஆளுயரக் கண்ணாடிக்கும் பக்கத்தில் வேண்டாம். இரண்டும் அலையைத் திருப்பிவிடும்.

அண்ணா, போனில் எங்கள் வீட்டு வைஃபை இரண்டு பெயர் காட்டுகிறது. ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருக்கிறது. என் லேப்டாப்பில் அந்தப் பெயர் வருவதே இல்லை. ரௌட்டர் கோளாறா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

கோளாறு இல்லை தம்பி. அந்தப் பெயரில் உள்ள '5ஜி', 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கிறது. செல்போன் கம்பெனிகள் சொல்லும் 5ஜி வேறு. பழைய லேப்டாப்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும் கார்டுதான் இருக்கும். அதற்கு அந்தப் பெயர் கண்ணிலேயே படாது. உங்களுடையது எந்தக் கார்டு என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் பட்டனை அழுத்தி டிவைஸ் மேனேஜர் என்று ஆங்கிலத்தில் தேடித் திறந்து, அதில் வைஃபை கார்டின் பெயரைப் பாருங்கள். பெயரில் '802.11ஏசி' அல்லது '802.11ஏஎக்ஸ்' என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வர வேண்டும். 'பிஜிஎன்' என்று மட்டும் இருந்தால் வராது. இரண்டும் பேசும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று சொருகினால் போதும். லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. என் மேஜையிலிருந்து பார்த்தால் 27 வைஃபை பெயர்கள் தெரிகின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் நத்தை வேகம். ரௌட்டர் அதே அறையில்தான் இருக்கிறது. சேனல் 1, 6, 11 எல்லாவற்றிலும் கூட்டம் என்பதால் யாருமே இல்லாத 3-ஐப் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

நீங்களாகவே தேடிப் பார்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். 3 காலியாக இருப்பதாகத் தோன்றுவது ஒரு மயக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம் நாட்டில் 13 சேனலாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு ரௌட்டரும் பேச எடுத்துக்கொள்ளும் அகலம் 20. அதனால் 3-இல் உட்கார்ந்தவர் 1-இல் இருப்பவரோடும் 6-இல் இருப்பவரோடும் தோள் உரசுவார். ஒன்றோடொன்று உரசாமல் மூன்று பேர் உட்காரலாம், அது 1, 6, 11.

ஒரே சேனலில் பத்து ரௌட்டர் இருந்தால் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கும். வரிசை நீளம், ஆனாலும் நகரும். நடு சேனலில் இருந்தால் அடுத்தவர் பேசுவது வெறும் இரைச்சலாகக் காதில் விழும். வரிசையும் கிடையாது, பேச்சும் புரியாது. அதுதான் உங்களுக்கு நடந்தது.

திரும்ப 1, 6, 11 மூன்றில் ஒன்றுக்குப் போங்கள். எதில் சிக்னல் வலுவான பக்கத்து வீடுகள் குறைவோ அதில் போங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். இந்தக் கணக்கை இரவு எட்டு மணிக்கு எடுங்கள், காலை பதினொன்றுக்கு எடுத்துப் பயனில்லை. ரௌட்டரில் 'சேனல் விட்த்' 40 என்று இருந்தால் 20-க்குக் குறையுங்கள். அகலத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கூட்டமான கட்டடத்தில் அது அடுத்தவரோடு இன்னும் அதிகமாக மோத வைக்கும்.

அப்புறம், ரௌட்டர் அதே அறையில் இருக்கிறது என்கிறீர்கள். லேப்டாப்புக்கு வசதி இருந்தால் இன்றே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அந்த அலை சுவரைத் தாண்டச் சிரமப்படும். பெரிய வீட்டில் அது குறை. உங்கள் கட்டடத்தில் அதுவே பெரிய உதவி, பக்கத்து வீட்டு அலையும் உங்கள் அறைக்குள் அவ்வளவாக வராது. ரௌட்டர் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் நான் கேபிளே போட்டுவிடுவேன்.

கோவையில் கல்யாண போட்டோ எடுப்பவன். படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஏற்றத் தொடங்கினால் வைஃபை செத்துவிடுகிறது. டிஸ்கைக் கழற்றினால் உயிர் வருகிறது. சொன்னால் யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். இது நிஜமான கோளாறு. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கசிகிறது. கேபிளிலும் சாக்கெட்டிலும் டிஸ்கின் உடம்பிலும் மறைப்பு சரியில்லாவிட்டால் கசிவு அதிகம். லேப்டாப்பின் ஆன்டெனா அதே மூலையில் இருந்தால், காதுக்குள் மிக்ஸி ஓட விட்டதுபோல ஆகிவிடும். வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்வதையும் கவனித்திருப்பீர்கள். அதுவும் பெரும்பாலும் 2.4-தான்.

டிஸ்கை லேப்டாப்பின் அடுத்த பக்கத்து போர்ட்டுக்கு மாற்றி, கேபிள் நீளம் உள்ளவரை தள்ளி வையுங்கள். டிஸ்கோடு வந்த கேபிளைத் தொலைத்துவிட்டு மலிவாக ஒன்று வாங்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தொல்லை அநேகமாகத் தீர்ந்துவிடும்.

மாடியில் சிக்னல் இல்லையென்று பழைய ரௌட்டர் ஒன்றைக் கேபிள் வழியாகக் கீழ் ரௌட்டரோடு சேர்த்து மேலே வைத்தேன். சில நேரம் வருகிறது, சில நேரம் 'நோ இன்டர்நெட்'. லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. (தஞ்சாவூர்)

169.254 என்று தொடங்கினால், 'முகவரி கேட்டேன், யாரும் கொடுக்கவில்லை, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்' என்று லேப்டாப் சொல்வதாக அர்த்தம். இரண்டு ரௌட்டருமே 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்துகொண்டு, இரண்டுமே முகவரி கொடுக்க முயல்கின்றன என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

மேல் ரௌட்டரைக் கீழிருந்து பிரித்து, லேப்டாப்போடு நேராகக் கேபிளில் சேருங்கள். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். அப்புறம் அதில் டிஎச்சிபி என்ற, முகவரி கொடுக்கும் வசதியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். பிறகு கீழிருந்து வரும் கேபிளை 'வான்' (டபிள்யூ-ஏ-என்) என்று எழுதிய துளையில் சொருகாமல், லேன் துளைகளில் ஒன்றில் சொருகுங்கள். முடிந்தது. பழைய ரௌட்டரை வீணாக்காமல் மாடிக்குப் பயன்படுத்திய உங்கள் யோசனை நல்ல யோசனை.

வீட்டிலிருந்தே வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் வைஃபையே காணோம். ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. (சேலம் வாசகி)

லேப்டாப் தூங்கப் போகும்போது வைஃபை கார்டையும் அணைத்துவிடுகிறது, விழிக்கும்போது அதை எழுப்ப முடியவில்லை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் வைஃபை கார்டு, ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது. அப்படியானால் லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, புதிதாக இறக்கிப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மேடம். பழைய டிரைவரை நீக்குவதற்கு முன் புதியதை இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு நெட் இருக்காது, இறக்கவும் முடியாது. இப்படி மாட்டிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி உண்டு. அவசரத்துக்குப் போனை யுஎஸ்பி கேபிளில் சேர்த்து, டெதரிங் போட்டு நெட் எடுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்புக்காக ரௌட்டரில் 'டபிள்யூபிஏ3' போட்டேன். பழைய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. பாஸ்வேர்டு சரிதான். (ஈரோடு)

டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை வந்தது 2018-இல். அதற்கு முந்தைய கார்டுகள் பலவற்றுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2-வும் 3-உம் சேர்ந்த கலப்பு முறை ஒன்று அமைப்பில் இருக்கும், அதைப் போடுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை உடைக்கலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

நெட் வரவில்லையென்று பையன் ரௌட்டர் பின்னால் உள்ள சின்னத் துளையில் குண்டூசியால் குத்திவிட்டான். இப்போது எங்கள் வைஃபை பெயரே இல்லை. வேறு என்னவோ பெயர் வருகிறது. (புதுக்கோட்டை)

அது ரீசெட். ரௌட்டர் கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. புதிதாகத் தெரியும் பெயரும் அதன் பாஸ்வேர்டும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் போட்டால் வைஃபை சேர்ந்துவிடும், ஆனால் நெட் வராமல் போகலாம். இணைப்பு கொடுத்தவர்கள் உள்ளே பதிந்துவைத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் பல இணைப்புகளில் அதோடு அழிந்துபோகும். போன் செய்து கேட்டால் தருவார்கள், அல்லது அங்கிருந்தே ஏற்றிவிடுவார்கள்.

பையனைத் திட்ட வேண்டாம். அவன் செய்ய நினைத்தது ரீஸ்டார்ட். பவர் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டாலே அது ஆகிவிடும், எதுவும் அழியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்குக் காட்டிக் கொடுங்கள். புது யூசர்நேம் வந்ததும் அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதவைத்து, ரௌட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டாமல், ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.